என் மேல் வராத அம்மன்

அம்மன் என் மேல் வரவில்லை. நான்தான் நடித்தேன்.

கண்ணகை அம்மன் சடங்கில், ஊர் முழுக்கப் பார்த்திருக்க, தலையை விரித்து ஆடி, அவள் குரல் என்று சொல்லி என் குரலால் பேசினேன். இதை நான் புருசனுக்கும் சொன்னதில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஏன் செய்தேன்? என் உடம்பு நொந்தது... அவ்வளவுதான்!

கடைசிப் பிள்ளை பிறந்தபின் தொடங்கிய உளைவு. இன்று வலது தோள், நாளை இடது முழங்கால், மறுநாள் இடுப்பும் நாரியும். உள்ளே யாரோ அறை மாறி அறை மாறிக் குடியிருப்பதுபோல. சீலைத் தலைப்பு பட்டாலும் தோல் எரியும். நித்திரை விட்டு எழும்பினால் நெல்லுமூடை சுமந்த களைப்பு. பரியாரியார் நாடி பார்த்தார், ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுத்தோம், அதிலும் ஒன்றுமில்லை.

“சோறு தின்னக்குள்ள மட்டும் கை நோகாதுகா அவளுக்கு,” என்பா ஒரே வளவில் இருந்த என் அக்கா.

காயமில்லாத நோவை எப்படிக் காட்டுவது? நீங்கள் சொல்லுங்கள்!

அந்த வைகாசிச் சடங்கில், மத்தியானப் பூசையில், உடுக்குச் சத்தம் எலும்பெல்லாம் இடித்தது. நிற்க முடியாமல் சரிந்தேன். “அம்மாள் வந்திட்டா!” என்று யாரோ கத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அக்காவே என் காலில் விழுந்தா. அப்போதே “இல்லை” என்று சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. எழும்பி ஆடினேன்.

தெய்வம் ஆடுகிறவர்களிடம் கட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். மனதில் உள்ளதைக் கேட்டால் தெய்வம் பதில் சொல்லும். முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வளவுப் பாக்கியம். பிள்ளையில்லாதவள். ஆமியின் சுற்றிவளைப்பில் அவள் புருசனைப் பிடித்துப்போய் நாலு மாதம்.

“தாயே, அவர் இருக்காரா?”

“இருக்கான். தண்ணிக்கரையில நிக்கான். ஒரு கால்ல செருப்பில்ல. வருவான்... நீ வாசலை விட்டுப் போகாத!”

பாக்கியம் வீரிட்டாள். பிடித்துப்போன அன்று தோணிக்கரையில் ஒற்றைச் செருப்பு கிடந்ததாம். ஒருவருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாளாம்.

எனக்கு அது எப்படித் தெரியும்? என் வாயில் அதை வைத்தது யார்? நினைத்தால் இன்றைக்கும் உடம்பு குளிர்கிறது... ஆனால் “வருவான்” என்றது நான். அதை நன்றாக அறிவேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்கு நோவே இல்லை! பொய் சொன்ன உடம்பு பூப்போல இருந்தது. நாலாம் நாள் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது.

சமாதானம் என்று சொன்ன காலத்தில் வாவி கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு டொக்டரம்மா கழுத்திலும் முழங்கையிலும் விரலால் மெல்ல அமர்த்தினா. துடித்துப் போனேன்.

“இது பொய் இல்லம்மா. பைப்ரோமயால்ஜியா. படத்தில தெரியாது. நோவைச் சொல்ற நரம்பெல்லாம் உரத்துக் கத்துது. முழுசா மாறாது, பழகலாம். சுடுதண்ணி ஒத்தடம் பிடியுங்க, கொஞ்சம் கொஞ்சமா நடங்க. நல்லா இருக்கிற நாளில எல்லா வேலையையும் அள்ளிப் போடாதீங்க.”

அழுதேன். இந்தப் பேர் முன்பே கிடைத்திருந்தால் அம்மன் பேரைத் தொட்டிருப்பேனா? தெரியவில்லை... அக்காவிடம் இந்தப் பேரைச் சொன்னேன். “அம்மாள் ஆடின உடம்பு, நோகாம என்ன செய்யும்?” என்றா. நோவை நம்பினார்கள், அந்தப் பொய்யால் நம்பினார்கள்.

பிறகு திரும்பவும் சண்டை மூண்டு செல்குண்டு விழத் தொடங்கியது. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரை முழுக்க ஊரை விட்டு வெளிக்கிட்டது. எங்கள் உழவு மெசின் பெட்டியில் சனம் நெருங்கி நிற்க, பாக்கியம் மட்டும் தன் வாசலில் நின்றாள். அவளுடைய தம்பி என்னிடம் ஓடி வந்தான்.

“அக்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பா. அத்தான் வரமாட்டாரெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க!”

பாக்கியம் என்னையே பார்த்தாள். “வருவார்தானேக்கா?”

பெட்டியில் இருந்த எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நடித்தேன் என்றால் இந்த நோவும் நடிப்பு என்பார்களே... என் அக்கா சிரிப்பாவே... அந்த ஒரு நொடியில் அதைத்தான் நினைத்தேன்! ஒரு உயிர் வாசலில் நிற்க, என் பேரை நினைத்தேன்.

“ஓம்... வருவார்,” என்றேன்.

மெசின் வெளிக்கிட்டது. அவளுடைய தம்பி கடைசி மட்டும் கூப்பிட்டான். அவள் அசையவில்லை.

இப்போது வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாக இருக்கிறோம். ஒவ்வொரு நாளும் வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாராவது தப்பி வருகிறார்கள். ஊரில் யார் மிச்சம் என்று எல்லாரும் ஓடிப்போய்க் கேட்கிறார்கள்.

நான் கேட்பதில்லை.