களத்தில் இறங்கிய மாப்பிள்ளை

நான் நர்ஸ் வேலைக்குப் போன தீவு கரீபியன் கடலில் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் முழுத்தீவையும் சுற்றிவிட்டு வீடு திரும்பிவிடலாம். அங்கே பஸ்சில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். முதல் வாரம் நான் பேசாமல் போய் உட்கார்ந்தேன். பின் சீட்டு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "பாவம், இந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை போல" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் பஸ்சே அதிரும்படி வணக்கம் வைத்தேன். அதைக் கேட்டுச் சிரித்த ஒருவரைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டேன்.

அவர் வீட்டில் ஜாதிக்காயும் கொக்கோவும் விளைகிறது. அவருடைய முப்பாட்டனார் மதராசில் கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவர். எந்த ஊர்க்காரர் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் ஒரு வேப்பமரமும் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பும்தான் மிச்சம். கொக்கோ விதையை முற்றத்து வெயிலில் பரப்பி, வீட்டார் எல்லோரும் வெறுங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து புரட்டுவார்கள். யாராவது பாட ஆரம்பித்தால் நடை ஆட்டமாகிவிடும். நானும் ஆடியிருக்கிறேன், மற்றவர்களைவிட மோசமாக.

போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. போன மார்கழியில் என் வீட்டுக்காரரை முதல் தடவையாக ஊருக்குக் கூட்டிவந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அப்பா அவரை ஒரு தடவையாவது 'மாப்ளே' என்று கூப்பிட வேண்டும். டீக்கடைக்காரரையும் ஜீப் டிரைவரையும் மாப்ளே என்று கூப்பிடுகிற மனிதர், நான் சொல்லிக்கொடுத்து ஓரளவு தமிழ் புரிகிற சொந்த மாப்பிள்ளையிடம் ஆறு நாளாக வாயே திறக்கவில்லை. "அவருக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு ஆத்தா" என்பதெல்லாம் என் வழியாகத்தான் போகும்.

ஏழாம் நாள் குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. போடியில் பஸ் ஏறியதும் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பி மொத்த பஸ்சுக்கும் வணக்கம் சொன்னார். "அண்ணே எந்தக் கட்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரவு தோட்டத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் விறகு லோடு ஏற்றிவர அப்பா ஜீப்பில் கீழே இறங்கினார். நான் ஓடைக்குத் துணி துவைக்கப் போனேன். தனியாக இருந்த என் வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்திருக்கிறார். களத்தில் காப்பிக்கொட்டை வெயிலில் காய்கிறது. பக்கத்தில் முந்தின நாள் பறித்த ஏலக்காய் ஈரத்தோடு சாக்கில் கிடக்கிறது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அத்தனையையும் களத்தில் கொட்டிப் பரப்பி, தன் ஊர் வழக்கப்படி காலால் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஏலக்காய்க்கு வெயில் ஆகாது. மூடிய அறையில் விறகுச் சூட்டில்தான் காயவைப்போம், பச்சை நிறம் போகாமலிருக்க. அந்தப் பச்சைக்குப் போடி ஏலத்தில் அப்பா பெயரெடுத்தவர். நான் திரும்பி வந்தபோது காய் வெளிறி மஞ்சளடித்துக் கிடந்தது. நடுவில் அவர் பாடிக்கொண்டே நடந்துகொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். விஷயம் புரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜீப்பும் வந்துவிட்டது.

அப்பா களத்தோரம் வந்து நின்றார். காயைப் பார்த்தார். பிறகு ஓரமாக ஜோடி சேர்த்து விட்டிருந்த செருப்பையும், பக்கத்திலிருந்த வாளியையும் செம்பையும் பார்த்தார்.

"காலக் கழுவிட்டா எறங்குனாரு?" என்று என்னைக் கேட்டார்.

நான் அவரிடம் கேட்டுச் சொன்னேன். "அவங்க வீட்டுல வெளைச்சல் மேல செருப்போட ஏறுனா அன்னைக்குச் சோறு கெடையாதாம்ப்பா."

 அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கழற்றி, செம்பில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவினார். களத்தில் இறங்கிக் காலைத் தேய்த்து இரண்டு எட்டு நடந்து பார்த்தார்.

"வெளுத்தது வெளுத்துப்போச்சு. இனிக் காயவாச்சும் செய்யட்டும்" என்றவர், தலையை நிமிர்த்தி, "மாப்ளே, இந்த மூல காயல பாருங்க. வெரசா இங்கிட்டு வாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் திரும்பி ஜீப் டிரைவரைப் பார்த்தார். அத்தனை நாளும் அந்த வார்த்தை அவரைத் தாண்டித்தானே போயிருக்கிறது.

"அவனில்ல" என்றார் அப்பா. "உங்களத்தேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணி வாளியைப் போட்டுவிட்டு, செருப்பை உதறிவிட்டுக் களத்துக்கு ஓடினேன்.

"ஏய், மொதல்ல காலக் கழுவு" என்றார் அப்பா.