மல்லிகா அக்கா பரணிலிருந்து விழவில்லை

செவ்வாய்க்கிழமை காலையில் மல்லிகா அக்காவின் தங்கச்சி போன் பண்ணினாங்க. "அக்கா போய்ட்டாங்க" என்று மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற நான் ரோட்டிலேயே உட்கார்ந்துட்டேன்.

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சேன். எனக்கு வர்ற மாதிரி எழுதுறேன்.

அக்காவுக்கு என் வயசுதான். ஆனாலும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். வீராம்பட்டினத்தில் மீன் கூடை சுமந்தவங்க. சாரம்ங்கிற ஊரில் இருக்கிற சுரைக்குடுக்கைக் கொட்டாயில் ரெண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். சுரைக்காயை மாசக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவெச்சு, உள்ளே சுரண்டி, துளை போட்டு விளக்குக் கூடு செய்வோம். காயும்போது தோல் பூசணம் பிடிச்சுக் கறுக்கும். அது தெரியாமல் ஒரு கூடைக் காயை அழுகல்னு குப்பையில் கொட்டிட்டேன். அக்கா தொட்டிக்குள்ளேயே இறங்கி எடுத்தாங்க. "ஏண்டி, தோல் கறுத்தா தூக்கிப் போட்ருவியா? அப்போ என்னை மொதல்ல போடு."

சரக்கு வாங்க வந்த ஒரு ஆள் என் இடுப்பில் கை வெச்சான். காய்ந்த குடுக்கையால் அக்கா அவன் மண்டையில் போட்டாங்க. குடுக்கை உடையல. "நல்லா காஞ்சிருக்கு. எடுத்துக்கிறியா சார்?" என்று கேட்டாங்க.

என் வீட்டுக்காரர் அடிச்சு எனக்குப் பல் போன அன்னைக்கு, அரியாங்குப்பத்தில் எங்கள் வாசலுக்கே வந்து கத்தினாங்க. "இனிமே இவமேல கை வெச்சா, கை இருக்காது!" என்னைக் கையோடு கூட்டிவந்து கொட்டாயில் தங்கவெச்சாங்க. பிள்ளைகள் மாமியாரிடம் இருந்தாங்க.

போன சனிக்கிழமை மதியம் நாங்க ரெண்டே பேர். தூசிக்காக மூக்கில் ஈரத்துணி கட்டி, குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தோம். பின்னால் கடகடன்னு சத்தம். கடல் காத்தில் குடுக்கைகள் மோதிக்கொண்டால் அப்படித்தான் கேட்கும். "காத்துடி" என்றாங்க அக்கா. ரெண்டு பேருமே திரும்பல.

வந்தது என் வீட்டுக்காரர். மூங்கில் கழியால் குடுக்கைகளை நொறுக்கிக்கொண்டே வந்தார். என் தலைக்கு ஓங்கினப்போ அக்கா குறுக்கே பாய்ந்தாங்க. விழுந்த பிறகும் மூணு அடி அடிச்சார். காதிலிருந்து ரத்தம் கொட்டியது. மடியில் தூக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டதுன்னு கேட்டாங்க. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த மாமியார் என் கையைக் கிள்ளினாங்க. "கொட்டாய்ப் பரண்லேர்ந்து அவளா விழுந்துட்டான்னு சொல்லு. புள்ளைங்களுக்கு அப்பன் வேணாமா?" சொன்னேன். பக்கத்தில்தான் அக்கா கண் மூடிக் கிடந்தாங்க. காதில் விழுந்ததோ என்னமோ.

அக்காவை எடுத்ததும் குளிக்காமல் நேரே ஸ்டேஷனுக்குப் போனேன்.

"யாரும்மா அடிச்சது?"

"என் வீட்டுக்காரர்."

"யோசிச்சுச் சொல்லு. எழுதிட்டா மாத்த முடியாது."

"மாத்த மாட்டேன் சார்."

அன்னைக்குக் கட்டியிருந்த சேலையையும் மேசைமேல் வெச்சேன். துவைக்கச் சொல்லி மாமியார் எத்தனையோ தடவை சொன்னாங்க. துவைக்கல. அக்காவின் ரத்தம் கறுப்பாகக் காய்ந்து மொரமொரன்னு இருந்தது.

என் பெரிய பையன் என்னிடம் பேசுறதில்லை. அது என் பாடு. நீங்க போங்கக்கா.