தலை தட்டாத கப்

என் மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. வயதானவர்களுக்கு வருகிற வகை அல்ல, உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை. அன்றிலிருந்து அவள் என்ன சாப்பிட்டாலும் கிராம் கணக்குப் பார்த்து ஊசி போட வேண்டும். அவளுக்கோ பாவ் ரொட்டி என்றால் உயிர். தெருவுக்குத் தெரு பாவ் விற்கும் செம்பூரில் குடியிருந்துகொண்டு பாவ் தின்னாதே என்று எந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியும்? கடை ரொட்டிக்கு எந்தக் கணக்கும் தெரியாது என்பதால் நானே வீட்டில் சுட ஆரம்பித்தேன். ஒரு கப் மைதா நூற்றிருபது கிராம் என்று ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்கு சொல்லித் தரும் பெண் சொல்லியிருந்தாள். இரண்டு கப்புக்கு எட்டு பாவ், ஒன்றில் முப்பது கிராம் மாவு. காலையில் இரண்டு பாவ், அதற்குத் தகுந்த ஊசி.

பாவ் தின்ற நாளெல்லாம் சர்க்கரை பார்க்கும் மீட்டர் முந்நூறைத் தாண்டியது.

நானே அளந்து சுட்ட பாவ் மேல் சந்தேகமே வரவில்லை; மருந்து கெட்டிருக்கும் என்று புதுக் குப்பி வாங்கினேன். ஊசியை மாற்றினேன், மீட்டரை மாற்றினேன், ஃப்ரிட்ஜைத் திட்டினேன். இப்படியே போனால் கண், கிட்னி எல்லாம் போகும் என்றார் டாக்டர். பிள்ளை திருட்டுத்தனமாக ஏதாவது தின்கிறாளா என்று இந்தியில் கேட்டார். அவர் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவள் பையைத்தான் கவிழ்த்துக் கொட்டினேன்.

"ஏட்டி, உண்மையச் சொல்லு. ஸ்கூல்ல யார்ட்டயாவது சாக்லேட் வாங்கித் தின்னியா?"

"இல்லம்மா."

"பொறவு எப்படி ஏறுது?"

"தெரியலம்மா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். தாராவியில் தோல் பட்டறைக்கு வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர், "விடுளா, பச்சப்புள்ள" என்பார். பிறகு அவரும் தனியாகக் கூப்பிட்டு அதையே கேட்பார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாவையும் தின்றுவிட்டு அவள் அடுப்படியில் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு நா எங்கயும் போகல. நீயே பாத்துக்கோ."

இரண்டு கையையும் விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். டிவி பக்கம் போகவில்லை, ஒன்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தேன். அதே முந்நூறு.

இனி சந்தேகப்பட அந்த ரொட்டி மட்டும்தான் பாக்கி. எப்போதும்போல ஒரு கப் மைதா அளந்து கிண்ணத்தில் கொட்டி, தட்டால் மூடி, கீழே மளிகைக் கடைக்கு எடுத்துப் போனேன். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு அளக்கும்போது தலை தட்டுவதில்லை. கப்பைத் தரையில் தட்டித் தட்டி இறக்கி, மேலே கோபுரமாகக் குவித்துத்தான் எடுப்போம். விளிம்போடு வழித்து அளப்பது கடைக்காரன் வேலை, பெற்றவள் அப்படி அளந்தால் கைக்கஞ்சம் என்பார்கள். அரிசியை அளந்து பழகிய கை, மைதாவையும் அப்படியே அளந்திருக்கிறது.

கடைக்காரர் மாவைக் காகிதப் பையில் கொட்டித் தராசில் வைத்தார். நூற்றெழுபத்தெட்டு கிராம்; நான் கணக்குப் போட்டதோ நூற்றிருபது. இன்னொரு முறை வைக்கச் சொன்னேன். அதேதான். இத்தனை நாளும் ஒன்றரை மடங்கு மாவை ஊட்டிவிட்டு, குறைந்த மாவுக்கு ஊசி போட்டிருக்கிறேன். படியேறி வீட்டுக்கு வந்தேன்.

அவள் எழுந்திருக்கவே இல்லை. கையை விரித்தபடி அங்கேயே இருந்தாள்.

"மாவுதான் ஜாஸ்தி. நாந்தான் குவிச்சு குவிச்சு அளந்துட்டேன்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை.

"அப்போ நா எதையும் திருடித் திங்கலதானம்மா?" என்று என்னிடம் கேட்டாள்.