கால் தெரியாத வீடியோ

என் கைபேசியில் அழிக்க மனம் வராத வீடியோ ஒன்று இருக்கிறது. பாலே ஆடுகிறவளின் வீடியோ. ஆனால் அதில் கால் இல்லை. தலையிலிருந்து இடுப்பு வரைதான் நான் தெரிகிறேன். மெல்ல உயர்கிறேன், தாழ்கிறேன். பின்னால் எங்கள் கொழிஞ்சாம்பாறை வீட்டு ஜன்னலும் அதில் காயும் துண்டும் பளிச்சென்று தெரிகின்றன. எடுத்தவன் என் அண்ணன். கல்யாண வீடியோ எடுப்பதுதான் அவனுக்குத் தொழில் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நான் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி கோயம்புத்தூரில் பாலே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முனை கெட்டியான ஷூவை மாட்டிக்கொண்டு விரல் நுனியில் எழுந்து நிற்க வந்துவிட்டது. ஆனால் எல்லாம் சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். கம்பியை விட்டு, அறையின் நடுவில் ஒற்றைக் காலில் எழ வேண்டும். அதற்கு டீச்சர் சரி என்று சொன்னால்தான் ஆண்டுவிழா மேடையில் எனக்கு இடம். எழும்போது கணுக்கால் சுண்டுவிரல் பக்கமாகச் சரியக்கூடாது, முழங்கால் மடங்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் பார்த்தால் போதாது என்று, வீட்டுப் பயிற்சியை வீடியோவாக அனுப்பச் சொன்னார். நானே போனைச் சாய்த்து வைத்து எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் கால் வெறும் கறுப்பாக விழுந்தது. அதனால் அண்ணனைப் பிடித்தேன். கல்யாண மேடைக்குப் போடும் பிளைவுட் பலகை ஒன்றை எடுத்துவந்து, தரை வழுக்காமல் இருக்க எனக்காக ஜன்னலடியில் போட்டான். அதுவரைக்கும் நல்லவன்தான்.

முதல் வீடியோவுக்கு டீச்சர் அனுப்பிய பதில்: "முகம் நல்லா இருக்கு. கால் எங்கம்மா?" அண்ணனிடம் காட்டினேன். "மூஞ்சி தெரியாம என்ன வீடியோ அம்மிணி?" என்றான். அடுத்த முறை அவனைத் தரையிலேயே உட்கார வைத்தேன். பாதத்தில் தொடங்கினான், நான் எழ ஆரம்பித்ததும் கேமராவும் கூடவே ஏறி முகத்தில் போய் நின்றது. மழைக்காலம் முழுக்க இதே கூத்து. எங்கே தப்பு என்று தெரியாமல் அந்தத் தப்பையே தினமும் பழகிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஷூவைக் கழற்றி அவன்மேல் வீசினேன். தோளைத் தேய்த்துக்கொண்டே காலை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது. "ஒவ்வொரு தடவையும் கணுக்கால் வெளியே சரியுது. இந்த வருஷம் நடுவுக்கு வேண்டாம். கம்பியிலயே இரு." அழுதுகொண்டே அண்ணனிடம் நீட்டினேன். படித்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"சாயறது எனக்கு மொத நாளே தெரியுமே அம்மிணி. கல்யாணப் பொண்ணு நொண்டுனா நாங்க காலையா எடுப்போம்? கொறையக் காட்டி எடுக்க மனசு வருமா?"

அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பார்த்ததை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மழைக்காலத்திலேயே திருத்தியிருப்பேனே! தங்கையின் குறை ஊருக்குத் தெரியக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைத்தவன், அதைத் தங்கைக்கும் சேர்த்து மறைத்துவிட்டான். பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பாசத்தால் எனக்கு ஒரு வருடம் போயிற்று, அவ்வளவுதான்.

அந்த வருடத்தை ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுத்தும், மெதுவாக எழுந்து அதைவிட மெதுவாக இறங்கியும் கழித்தேன். அடுத்த ஆண்டுவிழாவில் நடுவில் ஆடினேன். முன்வரிசையில் அண்ணன், கையில் அவனுடைய பெரிய கேமரா. வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். ஆரம்பம் முதல் கடைசி வரை என் இரண்டு கால்கள். கணுக்கால் கொஞ்சமும் சரியவில்லை. முழங்காலுக்கு மேலே ஒரு இடத்தில்கூட கேமரா ஏறவில்லை.

"இப்பத் திருப்திதானே அம்மிணி?" என்றான்.

அன்றைக்கு நான் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே ஆடியிருக்கிறேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சொன்னார்கள். இப்போது அந்த வீடியோவை யாரிடம் காட்டினாலும் முதலில் கேட்பது, ஆடுவது யார் என்றுதான்.