வியாழக்கிழமைக் குப்பை

எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் வெட்கம் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற அவசரமும் இல்லை.

அன்புவழிபுரத்தில், பெரிய தெருவிலிருந்து பிரியும் அந்த ஒழுங்கையின் முகப்பில் இருக்கிறது எங்கள் வீடு. கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பு முறிந்தபின் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, நான் காலையில் வாசல் படலையடியில் விற்ற இடியப்பத்தால்தான். வெள்ளிக்கிழமைதான் பெரிய வியாபாரம். அன்றைக்கு எங்கள் சனம் வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கோயிலுக்கு ஓடும். காலைச் சாப்பாடு சமைக்க நேரம் இராது. சொதியும் மாசிக் கருவாடு போடாத சம்பலும் கட்டிக் கொடுக்கக் கொடுக்கப் போய்விடும்.

முன்பெல்லாம் குப்பை ட்ரக்டர் நினைத்த நாளில் வரும். ஆனால் எப்படியோ வந்துவிடும். பிறகு உள்ளூராட்சிச் சபைக்குத் திட்டம் போடும் ஆசை வந்தது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாள், எங்களுக்குச் சனிக்கிழமை. வண்டி ஒழுங்கைக்குள் நுழையாது. முகப்பில், அதாவது என் மதிலடியில் நிற்கும். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று இதைச் சொல்லிக்கொண்டு போனது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்: வியாழக்கிழமை மீன் காய்ச்சிய வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்முள் கிடக்கக்கூடாது. ஆகவே வியாழன் பின்னேரம், விளக்கு வைப்பதற்கு முன்னமே, அத்தனை வீட்டுச் சூடைமீன் தலையும் செதிலும் குடலும் சொப்பிங் பைகளில் என் மதிலடிக்கு வந்து சேர்ந்தன. வெள்ளி முழுக்க வெயிலில் கிடந்தன. நாய் கிழித்தது, காகம் இழுத்தது. பக்தி அவர்களுக்கு, புழு எனக்கு. இடியப்பம் வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

சபை ஒரு பொதுக்கூட்டம் வைத்தது. திட்டத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் சுவரில் வண்ணப் படம் காட்டி, உக்கும் குப்பை, உக்காத குப்பை என்று பாடம் எடுத்தார். நான் எழும்பினேன்.

“ஐயா, சனியை வியாழன் பின்னேரமா மாத்துங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்.”

“அம்மா, அது சபையில நிறைவேறின திட்டம். சும்மா மாத்த ஏலாது. சனிக்கிழமை வரைக்கும் குப்பையை வீட்டில வைச்சிருங்கோ.”

“வெள்ளிக்கிழமை மீன் தலையை நீங்கள் உங்கட குசினியில வைச்சிருப்பீங்களோ?”

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “சரி, வியாழக்கிழமை அங்க குப்பை போடுறது ஆர்?” என்று கேட்டார். ஒரு கை உயரவில்லை. முன்வீட்டு அக்கா, நெற்றி நிறைய விபூதியோடு, “எங்கட வீட்டில குப்பையே சேருறேல்லை ஐயா” என்றார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் வீட்டுப் பாரைத் தலையை என் படலையடியில் நாய் உருட்டிக்கொண்டு திரிந்தது.

அடுத்த வெள்ளி சுகாதாரப் பரிசோதகர் வந்தார். குப்பையைப் பார்த்தார், என் இடியப்பத் தட்டைப் பார்த்தார்.

“இந்த நாத்தத்துக்குள்ள சாப்பாடு விக்க ஏலாது. இடம் துப்புரவாகுமட்டும் நிப்பாட்டுங்கோ.”

“போடுறவையைப் பிடிக்க மாட்டீங்களோ?”

“கண்ணால கண்ட சாட்சி வேணும் அம்மா.”

குப்பை போடுகிறவர்களுக்குச் சட்டம் இல்லை, இடியப்பம் அவிக்கிறவளுக்கு உண்டு. அன்று முழுக்க எனக்குத் தலை கொதித்தது. கணவர் கட்டிலில் கிடந்தபடி, “விடு, அயலைப் பகைச்சு என்ன செய்யப் போறாய்?” என்றார். விடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

மறு வியாழன் பின்னேரம் படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். யார் எந்தப் பையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவர்கூடத் தயங்கவில்லை. சிலர் பையை வைத்துவிட்டுக் கணவரின் சுகம் விசாரித்தார்கள். வெள்ளி விடிந்து, எல்லாரும் வாசல் கழுவிக் கோலம் போட்டு முடிக்கும்வரை பொறுத்தேன். பிறகு கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அவரவர் பையை அவரவர் கோலத்தின் நடுவில் வைத்தேன். முன்வீட்டு அக்காவின் பையை நாய் ஏற்கெனவே கிழித்திருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒழுங்கையே கத்தியது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா!” என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு தொலைபேசி அழைப்பு, சபை உடனே ஆளை அனுப்பியது. கண்ணால் கண்ட சாட்சிகள் இப்போது வாசலுக்கு வாசல் நின்றார்கள். வீதியில் குப்பை போட்டதற்காக எங்கள் ஒழுங்கையில் எச்சரிக்கை வாங்கிய ஒரே ஆள் நான்தான்.

அந்த வாரமே அவர்கள் கூட்டமாகச் சபைக்குப் போனார்கள். நான் கேட்டபோது மாற்ற முடியாத நாள் அவர்கள் கேட்டதும் மாறியது. வியாழன் பின்னேரம் ட்ரக்டர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்த்துவிட்டு, இனி விற்கலாம் என்றார்.

மறுநாள் வழக்கம்போல மாக் குழைத்து அவித்துவிட்டுப் படலையைத் திறந்தேன். மதிலடியில் ஒரு செதில் இல்லை. முன்வீட்டு அக்கா கையில் சொதிக்குக் கிண்ணத்தோடு வெளியே வந்தார். என்னைத் தாண்டி, பெரிய தெருக் கடைப்பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். அவித்ததையெல்லாம் நானும் கணவரும் காலையிலும் மத்தியானமும் இரவும் தின்றோம்.