பெடலில் கால் வைக்கும் முன்

கையில் ஒரு புங்கங்காயை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி கொரட்டூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கிறான் கஜபதி. பக்கத்தில் சைக்கிள், கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு. காயின் விளிம்பை விரலால் தடவுகிறான், மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறான். புத்தி வேறெங்காவது ஓடினால், "வா நைனா, இங்க வா" என்று கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, மறுபடி காயிடம் கொண்டுவந்து விடுகிறான். நேற்று அது நத்தை ஓடு. மழை நாளில் ஈரக் கூழாங்கல் ஒன்று போதும்.

எருமை ஓட்டிப் போகும் துலுக்கானம் கேலி செய்யாமல் நகரமாட்டான்.

"இன்னா அண்ணாத்தே, காயி இன்னிக்காவது பேசுச்சா?"

கஜபதி சிரிப்பதோடு சரி. தெருவே அவனைக் கிறுக்கன் என்கிறது. சொல்லிக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுக்காரி நான், ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷினில் அவனுக்கு வேலை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தகட்டை உள்ளே வைத்துவிட்டுக் கையை எடுக்கவேண்டும். மற்றவர் அதைப் பார்த்துப் பெடலை மிதிக்கவேண்டும். மிதித்ததும் உள்ளே இருக்கிற கையைத் தள்ளிவிட ஒரு கம்பி உண்டு. வேலை மந்தமாகிறதென்று முதலாளி அதைக் கழற்றி மூலையில் போடச் சொல்லிவிட்டான்.

போன ஆடியில் தகடு வைத்தவன் எத்திராஜ், மிதித்தவன் கஜபதி. பழகிப்போன கால், தாளம் தப்பாமல் தானாகவே மிதித்துக்கொண்டிருந்தது. மனசோ மகளுக்கு வந்த வரனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. கோணலாகிப்போன தகட்டைச் சரிசெய்ய எத்திராஜ் கையை உள்ளேயே வைத்திருந்தான். அவன் வலது கையில் இப்போது கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம்.

"கண்ணு தொறந்துகினுதான் இருந்துச்சு, பெரீம்மா. நான்தான் அங்க இல்ல" என்றான் கஜபதி என்னிடம்.

அப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் இருக்கமுடியாமல் ஏரிக்கரைக்குப் போய்விடுவான். ஒருநாள் கல்லின்மேல் எறும்பு ஒன்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அது உச்சிக்குப் போகும்வரை எத்திராஜின் அலறல் காதில் கேட்கவில்லையாம். அன்று பிடித்த பழக்கம் இது.

எத்திராஜின் பெண்டாட்டி வசந்தாவுக்கு அவன் வேலையையே கொடுத்தார்கள். அதே மிஷின், அதே இடம். கம்பியை மாட்டச் சொல்லி நானே போய்க் கேட்டேன். முதலாளி என்னை வாசலோடு அனுப்பிவிட்டான். மறுபடியும் போவேன். தன்னைப் பெடலிலிருந்து மாற்றச் சொல்லிக் கஜபதி கெஞ்சினான். முதலாளிகூடச் சரியென்றான். வசந்தாதான் விடவில்லை.

"மத்தவனுங்கோ கதை பேசிக்கினே மெதிப்பானுங்கோ. இந்தாளு பயந்துகினு மெதிப்பாரு. எனக்கு அந்த பயந்தான் வோணும்."

அதனால்தான் காலையில் புங்கங்காய். அவள் விரல்கள் உள்ளே போய்வரும் நேரமெல்லாம் அவன் அங்கேயே இருந்தாகவேண்டும்.

சாயங்காலம் தெருமுனையில் சைக்கிளை நிறுத்திக் காத்திருக்கிறான். பின்னாலேயே நடந்து வருகிற வசந்தா, கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து நீட்டுகிறாள். அவன் தொடுவதில்லை. காயைப் பார்த்த அதே பார்வையால் ஒவ்வொரு விரலாகப் பார்க்கிறான். பார்த்து முடித்ததும் அவள் கைகளைத் திருப்பி, புறங்கையையும் காட்டுகிறாள்.