புவனா அக்கா எழுந்து நின்ற மத்தியானம்

கதவைத் திறக்கும் முன்பே சிரிப்புத்தான் கேட்கும். ஒரு மண்டபம் நிறைய அமெரிக்கர்கள் சேர்ந்து சிரிக்கும் சத்தம்... அதோடு கலந்து ஒற்றைப் பெண்குரல்.

அது புவனா அக்கா.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோ வந்த புதிது. மட்டக்களப்புக்காரரான புவனா அக்கா, நகரின் ஓரத்துப் புருசெத்தில் தன் வீட்டில் எனக்கு ஓர் அறை தந்தார். தான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எனக்கும் வேலை எடுத்துத் தந்தார்.

மற்றத் தமிழ் வீடுகளில் அந்த நேரம் சீரியல் ஓடும். அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் கோட் சூட் போட்ட ஓர் அமெரிக்கர் திரைச்சீலைக்கு முன்னால் நின்று பகிடி விட்டுக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் சனம் படுக்கப் போகிற நேரத்து நிகழ்ச்சி அது. எங்களுக்குச் சில நாள் பிந்தித்தான் வரும்... வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கு. கீழே நோர்வேஜிய மொழியில் எழுத்து ஓடும்.

"அக்கா, அந்தாள் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்கிலீசு எங்க கா விளங்குது?" மட்டக்களப்பில் பெண்களை 'கா' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். " கீழ எழுதுறத வாசிப்பன். ஆனா சனம் எப்ப சிரிக்கும் எண்டு எனக்கு முதலே தெரியும். இப்ப பார்..."

விரலைத் தூக்கினார். அந்த மனிதர் ஏதோ சொல்லிவிட்டு, கழுத்துப்பட்டியைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார். பிறகு ஒரே ஒரு சொல். அக்கா விரலை இறக்கினார். மண்டபமே அதிர்ந்தது.

"சொல்லாம நிக்கிறான் பாத்தியா... அதுலதான் எல்லாம் கிடக்கு."

ஆனால் வேலையிடத்தில் அக்கா வேறு ஆள். மற்றவர்கள் பாணும் சீஸும் சாப்பிட, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் தன் சோற்றுப் பெட்டியோடு இருப்பார். யார் என்ன கேட்டாலும் ஓம், நன்றி... அவ்வளவுதான்.

பனி தொடங்கிய ஒரு நாள் வார்ட் பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். வேலையில் குறையே இல்லை, ஆனால் வயதானவர்களோடு கதைக்க மொழி வேண்டும், தை மாதத்திலிருந்து கீழே சலவை அறைக்குப் போகலாம் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார்.

அக்கா அதற்கும் ஓம் என்றார்.

ரயிலில் வரும்போது எனக்குத்தான் கோபம். "ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"நான் வாயத் துறந்தா அவங்க முகத்தச் சுருக்கிக் கேப்பாங்க கா. அதப் பாத்தா வந்த சொல்லும் போயிரும்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் கிழடுகள விட்டுட்டு உடுப்புத் தோய்க்கிறதுதான் கவலை."

பிறகு நத்தார் விருந்து வந்தது. மத்தியானம், பாலில் அவித்த அரிசிக் கஞ்சி, மெழுகுதிரிகள். சக்கர நாற்காலிகளை எல்லாம் சுற்றி வைத்திருந்தோம். ஒருவர் பாடினார், ஒருவர் அக்கோர்டியன் வாசித்தார். வேறு யாராவது ஏதாவது சொல்லப் போகிறீர்களா என்று பொறுப்பாளர் கேட்டார்.

புவனா அக்கா எழுந்தார்.

ஏதோ எடுக்கப் போகிறார் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அக்கா நடுவில் போய் நின்றார். நோர்வேஜிய மொழியில் சொன்னார்... நான் அதை அக்காவின் தமிழிலேயே எழுதுகிறேன்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசுல, பஸ்ஸுல எனக்குப் பக்கத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. நான் நினைச்சன், நான் கறுப்பு எண்டதாலதானாக்கும் எண்டு."

நிறுத்தினார்.

எல்லோரும் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார்கள். பொறுப்பாளரின் முகம் சிவந்தது. அக்கா அசையவில்லை. விருந்துக்கென்று கட்டியிருந்த சேலையின் தலைப்பை மெல்லச் சரிசெய்தார். இன்னும் நின்றார். இதற்கு மேல் யாராலும் தாங்க முடியாது என்று நான் நினைத்த இடத்தில்,

"பிறகுதான் பாத்தன்... அவங்க தங்கட ஆக்களுக்குப் பக்கத்துலயும் இருக்க மாட்டாங்க."

முதலில் ஒரு கிழவர்தான் சிரித்தார். மாதக்கணக்காக யாரோடும் பேசாத மனிதர், இருமி இருமிச் சிரித்தார். பிறகு அறை முழுக்க. நான் அதுவரை நோர்வேக்காரர்கள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

அக்கா விடவில்லை. "என்ட சாப்பாட்டுப் பெட்டியப் பாத்து, இண்டைக்கு என்ன எண்டு தினமும் கேக்கிறீங்க. எனக்கும் உங்களக் கேக்க ஆசைதான்..." மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ஆனா எண்டைக்கும் அதே பாணும் அதே மண்ணிறச் சீஸும்தானே."

இலக்கணம் பிழைதான். உச்சரிப்பும் எங்கள் உச்சரிப்புத்தான். ஒருவரும் முகத்தைச் சுருக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்... அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

முடிந்த பிறகு பொறுப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். இத்தனை நாளும் நீ ஏன் கதைக்கவில்லை என்று கேட்டார்.

"இத்தன நாளும் கதைக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கல்லயே."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. சலவை அறைப் பேச்சும் அதற்குப் பிறகு எழவில்லை. ஓய்வு பெறும்வரை அக்கா அதே வார்ட்டில்தான் இருந்தார். இப்போது பேர்கன் நகரில் மகளோடு இருக்கிறார்.

போன மாதம் என் மகள் என்னை நகர மத்தியில் ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனாள். மேடையில் இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பெண். மைக், வெளிச்சம், டிக்கெட் எடுத்துச் சிரிக்கவென்றே வந்த சனம்... நன்றாகத்தான் செய்தாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது மகளுக்கு அக்காவின் கதையைச் சொன்னேன்.

"அம்மா, வீடியோ இருக்கோ?"

இல்லை. போனைத் தூக்கிப் பிடிக்கிற காலம் இல்லை அது. எல்லோரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கிழவர்கள், கிழவிகள் எல்லாம் போய்விட்டார்கள். பார்த்தவர்களில் இன்னும் சிலர்தான் மிச்சம்...

அதில் நானும் ஒருத்தி.